செங்கல் முகப்புள்ள கான்கிரீட் பேனல்: அந்த விரிசல் யாருடையது?

தொழிற்சாலையில் கான்கிரீட்டில் வார்த்துக் கொண்டுவந்து கட்டடத்தின் வெளிச்சுவராக மாட்டிய பேனலுக்குச் செங்கல் முகப்பு இருந்துவிட்டால், விரிசலைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கட்டிய சுவராகவே நினைத்துக்கொள்கிறார்கள். படிக்கட்டு போல ஏறும் விரிசலைத் தேடுகிறார்கள். அஸ்திவாரம் இறங்கியதா என்று கேட்கிறார்கள். வரிசைகளுக்கு நடுவில் உள்ள கலவையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சுவரில் கலவையே இல்லை என்பதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரிவது 12 முதல் 25 மி.மீ. தடிமனுள்ள செங்கல் வில்லைகள். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அச்சுப் பாயில் அவற்றை முகம் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே கம்பி வலை கட்டி, கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். வில்லைகளுக்கு இடையே 10 மி.மீ. கோடாகத் தெரிவது, பின்னால் இருக்கிற அதே கான்கிரீட் பிதுங்கி வந்து நிரம்பிய இடம். சில பேனல்களில் மட்டும் அந்தக் கோட்டைப் பின்னர் தனியாக கிரௌட் போட்டு நிரப்பியிருப்பார்கள்.

ஆகவே முகப்பில் ஒரு கோடு தெரிந்தால் அது மூன்று பேரில் ஒருவருடையது: செங்கல் வில்லையுடையது, வில்லைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலுள்ள ஒட்டுதலுடையது, அல்லது கான்கிரீட்டுடையது. இதை முடிவு செய்யாமல் காரணம் தேடக் கூடாது. மூன்றுக்கும் காரணம் வேறு, அவசரம் வேறு, சிகிச்சை வேறு.

அதற்கும் முன்னால் பேனலின் வகையை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பலகையாக 125 முதல் 200 மி.மீ. தடிமனில் வார்த்ததா, நடுவில் வெப்பக்காப்பு வைத்து உள்பலகை, வெளிப்பலகை என்று இரண்டாக வார்த்ததா? அல்லது முழுச் செங்கல்லைக் கலவையும் கம்பியும் வைத்துத் தொழிற்சாலையிலேயே கட்டித் தூக்கி மாட்டிய பழைய வகையா? கடைசி வகை என்றால் இந்தக் கட்டுரையில் பாதி அதற்குப் பொருந்தாது. அந்த வகைக் கட்டுமானத்தில் 1960-களில் புழக்கத்துக்கு வந்த சாராபாண்ட் என்ற கலவைச் சேர்மானத்துக்குத் தனி வரலாறே உண்டு. கலவையின் ஒட்டும் வலிமையை அது வெகுவாகக் கூட்டியது. ஆனால் அதிலிருந்து காலப்போக்கில் குளோரைடு வெளியேறி உள்ளே இருந்த இரும்பைத் தின்றது. கம்பி துருத்துப் பிதுங்கியதில் செங்கல் பிளந்தது. அந்தக் காலத்துப் பேனலில் விரிசல் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது குளோரைடு பரிசோதனை.

இனி நான் சொல்வதெல்லாம் வில்லை ஒட்டி வார்த்த கான்கிரீட் பேனலைப் பற்றியது.

கோடு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது

மயிரிழை விரிசலைப் பார்க்க வெயில் நேரம் உதவாது. முகப்பின் மேல் தண்ணீர் தெளித்து, மேற்பரப்பு காயும்வரை காத்திருங்கள். செங்கல் வெளுத்துக்கொண்டு வரும்போது விரிசல் மட்டும் ஈரத்தைப் பிடித்துக் கருங்கோடாக நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் படம் எடுத்துவிட வேண்டும். மழை விட்ட பிறகு காய்கிற நேரம் இன்னும் நல்லது. முழு முகப்பையும் ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம்.

கோடு ஒரே வில்லைக்குள் தொடங்கி அதன் விளிம்பிலேயே நின்றுவிட்டால் அது செங்கல்லின் சொந்த விரிசல். சூளையில் வெந்தபோதே விழுந்ததாக இருக்கலாம். அச்சுப் பாயில் அடுக்கும்போதோ வைப்ரேட்டர் ஊசி இடித்தோ உடைந்ததாக இருக்கலாம். வட்டமாகச் சிறு பள்ளம் விழுந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது மண்ணில் கலந்திருந்த சுண்ணாம்புத் துணுக்கு ஈரம் பட்டு ஊதி வெடித்தது. இவை பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். வில்லையைத் தட்டிப் பார்த்து ஒட்டுதல் உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம்.

கோடு ஒரு வில்லையின் நான்கு பக்கமும் சட்டம் போல ஓடினால், சந்தேகம் ஒட்டுதலின் மேல் போக வேண்டும். கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது வில்லையின் ஓரத்தில் மெல்லிய பிரிவு வருவது சாதாரணம். ஆனால் அதே வில்லை வெற்றுச் சத்தம் கொடுத்தால் அது சாதாரணமல்ல.

கோடு வில்லையையும் இடைவெளியையும் பாராமல் வெட்டிக்கொண்டு போனால் பின்னால் கான்கிரீட் விரிந்திருக்கிறது. வில்லை வெறும் தோல். அதற்குத் தனியாக இத்தனை நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் வெடிக்கத் தெரியாது. செங்குத்தான விரிசலில் இதைக் கண்டுகொள்வது எளிது: ஒரு வரிசையில் இடைவெளியில் ஓடும், அடுத்த வரிசையில் வில்லையின் நடுவில் ஓடும், மறுபடி இடைவெளி. கட்டிய சுவரில் என்றால் பெரும்பாலும் கலவையைத் தேடிப் படிக்கட்டாக வளைந்திருக்கும்.

கிடைமட்ட விரிசல்தான் ஏமாற்றும். இடைவெளிக் கோடு செங்கல் முகத்தைவிடச் சில மி.மீ. உள்வாங்கி இருப்பதால் அங்கே பேனலின் தடிமன் கொஞ்சம் குறைவு. பேனல் வளையும்போது விரிசல் அந்த மெலிந்த இடத்தையே தேர்ந்தெடுக்கும். ஒரே வரிசையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி, பேனலின் முழு அகலத்துக்கும் ஓடும். செங்கல் ஒன்றுகூட உடைந்திருக்காது. பார்க்கிறவர் ‘கலவை விட்டுவிட்டது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இடைவெளியிலேயே ஓடினாலும் சரி, முழு அகலத்துக்கும் ஓடுகிற கிடைக்கோடு என்றால் அது கான்கிரீட்டின் வளைவு விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்ப்பக்கத்துக்கு.

தட்டுவது, அளப்பது, வரைவது

தட்டுவதற்குச் சிறிய உருண்டைத்தலைச் சுத்தியலே போதும். வில்லை வில்லையாகத் தட்டுங்கள். நடுவில் ஒன்று, இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று. உறுதியான வில்லை ‘டிக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். பிரிந்தது பொள்ளலாக, தாழ்ந்து ஒலிக்கும். வெற்றுச் சத்தம் வந்த வில்லைகளை சாக்பீஸால் குறித்துவிட்டு விலகி நின்று பாருங்கள். தனித்தனியாகச் சிதறியிருந்தால் வார்ப்பின்போது நேர்ந்த குறை. விரிசலை ஒட்டி வரிசையாக இருந்தால் விரிசலே ஒட்டுதலையும் இழுத்துப் பிரித்திருக்கிறது. கைப்பிடிச்சுவர் உச்சியிலோ ஜன்னல் அடியிலோ கூட்டமாக இருந்தால் தண்ணீர் உள்ளே புகுகிறது. ஆள் நடக்கும் பாதைக்கு மேலே வெற்றுச் சத்தம் கேட்டால் ஆய்வை நிறுத்திவிட்டு முதலில் கீழே தடுப்பு போடுங்கள். ஒரு வில்லை எடை குறைவுதான், ஆனால் நான்காம் மாடியிலிருந்து விழும்போது அது எடைக் கணக்கல்ல.

ஒட்டுதல் ஏன் போகிறது என்பதைப் பின்புறம் பார்த்தால் தெரியும். சில தொழிற்சாலைகள், சிமென்ட் பால் முகத்தில் படியாமலிருக்க வில்லையின் முகத்தில் மெழுகு பூசி அனுப்பும். வார்த்து எடுத்த பிறகு சூடான தண்ணீரைப் பீய்ச்சி மெழுகைக் கழுவுவார்கள். அந்த மெழுகு பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வழிந்திருந்தால் அங்கே ஒட்டுதல் இல்லை. அச்சுக்குப் பூசும் எண்ணெயும் அப்படியே. வில்லை மிகையாகத் தண்ணீர் உறிஞ்சும் வகை என்றால், புதுக் கான்கிரீட்டிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு தொடுமிடத்தில் சிமென்ட்டைப் பட்டினி போட்டுவிடும். பேனலுக்கான வில்லைகளில் நீர் உறிஞ்சல் 6 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்வது இதற்காகவும்தான். பின்புறத்தில் புறாவால் வடிவப் பள்ளம் உள்ள வில்லை, ஒட்டுதல் விட்டாலும் கொக்கி மாட்டியது போல நிற்கும். வழவழப்பான பின்புறம் உள்ளது ஒட்டுதலை மட்டுமே நம்பியிருக்கிறது. ஒரு வில்லையைக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எண் வேண்டுமென்றால் இழுப்புச் சோதனை. 50 மி.மீ. விட்டத்தில் வில்லையைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள்ளும் கொஞ்சம் போகும்படி வட்டமாக வெட்டி, மேலே உலோகத் தகட்டை எபாக்ஸியால் ஒட்டி, கருவியால் இழுக்க வேண்டும். 1 மெகாபாஸ்கலுக்கு (ஒரு சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன்) மேல் தாங்கினால் நல்லது. எண்ணைவிட முக்கியமானது எங்கே அறுந்தது என்பது. கான்கிரீட்டுக்குள் அறுந்தால் ஒட்டுதல் குற்றவாளியல்ல. தொடுமிடத்தில் சுத்தமாகப் பிரிந்து, வில்லையின் பின்புறம் வழவழவென்று இருந்தால் வார்ப்புக் குறை உறுதி.

அகலத்தை விரிசல் அட்டையும் பூதக்கண்ணாடியும் வைத்து அளக்க வேண்டும். ஓரம் மழுங்கிய இடத்தில் அளந்தால் அகலம் கூடுதலாகத் தெரியும். கூர்மையான ஓரம் உள்ள இடத்தில் அளங்கள். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் விரிசல் வழிகாட்டியில், ஈரக்காற்று படும் கான்கிரீட்டுக்கு 0.30 மி.மீ., பனி உருக்கும் உப்பு படுவதற்கு 0.18, கடல்நீர்த் தெறிப்பு படுவதற்கு 0.15 என்று அளவுகள் கொடுத்திருக்கிறார்கள். அவை வடிவமைப்புக்கான வழிகாட்டி. நோயறிதலில் அகலம் இரண்டாம்பட்சம், 0.1 மி.மீ. விரிசல் தினமும் திறந்து மூடினால் அது, அசையாமல் கிடக்கும் 0.4 மி.மீ. விரிசலைவிட அதிகம் பேசுகிறது. விரிசலின் இரு கரைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதையும் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு கரை வெளியே துருத்தியிருந்தால் பேனலின் ஒரு துண்டு பிடிமானத்தை இழந்திருக்கலாம். அது கட்டமைப்புப் பொறியாளரை உடனே அழைக்க வேண்டிய அறிகுறி.

பிறகு எல்லாவற்றையும் முகப்பு வரைபடத்தில் ஏற்றுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் தவிர்ப்பவர்கள்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஒரு பேனலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது காரணத்தைச் சொல்லாது. ஐம்பது பேனலைச் சேர்த்து வைத்தால் சொல்லிவிடும். ஒரே அச்சில் வார்த்த பேனல்கள் எல்லாவற்றிலும், எந்த மாடியில் இருந்தாலும், அதே இடத்தில் விரிசல் இருந்தால் காரணம் வடிவமைப்பிலோ தொழிற்சாலையிலோ இருக்கிறது. வெயில் விழும் முகப்பில் மட்டும் என்றால் வெப்பம். கட்டட மூலைகளில் மட்டும் என்றால் அசைவு சேர்ந்து முடிகிற இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது. ஒரே செங்குத்து அடுக்கில் மட்டும், அதுவும் கீழ் மாடிகளில் அதிகம் என்றால், பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று சுமை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. அகலமான உத்திரத்தின் நடுவில் உட்கார்ந்த பேனல்களில் மட்டும் என்றால் உத்திரத்தின் தொய்வு. பேனல் எண்ணும் வார்த்த தேதியும் பின்புறத்தில் முத்திரையாக இருக்கும். தொழிற்சாலைப் பதிவேடு கிடைத்தால், அச்சிலிருந்து எடுத்த நாளன்று கான்கிரீட் வலிமை எவ்வளவு இருந்தது என்பதையும் அந்தப் படத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிறந்த நாளிலேயே வந்தவை

பேனல் தன் வாழ்நாளில் படும் கடுமையான வளைவு, பல நேரம், அச்சிலிருந்து தூக்கும் அந்த முதல் கணம். கான்கிரீட் இளசு. அச்சின் உறிஞ்சுதல் வேறு கீழே இழுக்கிறது. இரண்டு வரிசைத் தூக்குக் கொக்கிகளை நீளத்தின் 0.207 பங்கு தூரத்தில் இரு முனைகளிலிருந்தும் வைத்தால், கொக்கிக்கு மேலே வரும் வளைவும் நடுவில் வரும் வளைவும் சமமாகும். கொக்கி இடம் மாறினால் ஏதாவதொரு பக்கம் தாங்காது. முகம் கீழாக வார்த்ததால், தூக்கும்போது நடுவில் இழுவிசை செங்கல் முகத்தில் விழும்; கொக்கி வரிசையில் இழுவிசை பின்புறத்தில் விழும். ஆகவே தூக்கு விரிசல் முகப்பில் நடுப்பகுதியிலும், பின்புறத்தில் கொக்கி வரிசையிலும் நீளத்துக்குக் குறுக்காக இருக்கும். கிடத்தி அடுக்கி வைத்தபோது இரண்டு கட்டைகளுக்குப் பதிலாக மூன்று வைத்து, ஓரக் கட்டை ஒன்று இறங்கியிருந்தால், நடுக்கட்டைக்கு மேலே அதே மாதிரி கோடு வரும்.

ஜன்னல் மூலையிலிருந்து 45 டிகிரியில் கிளம்பும் விரிசலும் பெரும்பாலும் இந்த வயதைச் சேர்ந்ததுதான். திறப்பின் உள்மூலையில் தகைவு (உள்விசை) குவிகிறது. கான்கிரீட் சுருங்கப் பார்க்கும்போது ஜன்னல் அச்சுக்கட்டை நடுவில் நின்று விடமாட்டேன் என்கிறது. மூலையில் சாய்வுக் கம்பி போட்டிருந்தால் விரிசல் வந்தாலும் 0.1 மி.மீ. அளவில் நின்றுவிடும். கம்பி இல்லையென்றாலோ, மூலையிலிருந்து வெகு உள்ளே தள்ளிப் போட்டிருந்தாலோ நீளும். கம்பி எங்கே இருக்கிறது என்பதைக் கம்பி தேடும் கருவியால் பின்புறத்திலிருந்து பார்த்துவிடலாம்.

பழைய விரிசலா புதியதா என்று அறிய நல்ல அடையாளங்கள் உண்டு. ஓரம் மழுங்கி, உள்ளே அழுக்கோ வெள்ளை உப்போ படிந்திருந்தால் பழையது. நீர்விலக்கிப் பூச்சு விரிசலுக்குள்ளும் இறங்கியிருந்தால், பூச்சுக்கு முன்பே விரிசல் இருந்தது. உறுதியான பதில் வேண்டுமென்றால் விரிசலின் மேலேயே 75 முதல் 100 மி.மீ. விட்டத்தில் உருளைத் துண்டு எடுங்கள். துளையிடும்போது விரிசல் பிளந்து போகாமலிருக்க முதலில் மெல்லிய எபாக்ஸியை மேற்பரப்பில் இறக்கி இறுகவிடுவது நல்லது. விரிசல் ஜல்லிக் கற்களைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் கான்கிரீட் இளசாக இருந்தபோது வந்தது. கற்களைப் பிளந்துகொண்டு போயிருந்தால் வலிமை ஏறிய பிறகு வந்தது. எபாக்ஸி படாத ஆழத்தில் புதிதாக உடைத்த குறுக்குவெட்டில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காற்றின் கரியமில வாயு ஊறிக் கார்பனேற்றம் ஆன இடம் நிறமற்றுக் கிடக்கும். விரிசலின் இரு கரைகளிலும் உள்ளே வரை நிறமற்ற பட்டை இருந்தால் அந்த விரிசல் பல வருடம் காற்றைக் குடித்திருக்கிறது.

பழையது என்று உறுதியாகி, அசைவும் இல்லை, துருவும் இல்லை என்றால் இந்த வகையைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அசைவுக்கு வழி அடைபட்டவை

வாழும் கட்டடத்தில் வளர்கிற விரிசல்களில் பெரும்பகுதி இங்கேதான் வந்து நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து. கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் 10 முதல் 12 பங்கு விரியும். செங்கல் அதில் ஏறத்தாழ பாதிதான். இன்னொரு பக்கம், சூளையிலிருந்து வந்த செங்கல் காற்றின் ஈரத்தை வாங்கி வருடக்கணக்கில் மெதுவாக விரிகிறது, திரும்பச் சுருங்குவதில்லை; கான்கிரீட்டோ காயக் காயச் சுருங்குகிறது. முகப்பு நீள, முதுகு குறுக, பேனல் வெளிப்பக்கமாக வில்லாக வளையும். வெயில் அதைக் கூட்டும்.

அளவு எவ்வளவு என்று பார்க்கலாம். 6 மீட்டர் உயரம், 150 மி.மீ. தடிமன் உள்ள ஒற்றைப் பலகை. வெளிமுகம் உள்முகத்தைவிட 25 டிகிரி சூடு. நீள வேறுபாடு பத்து லட்சத்தில் 250. நடுவில் வரும் வளைவு, அந்த வேறுபாட்டை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, தடிமனின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 7.5 மி.மீ. பேனல் மேலும் கீழும் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால் இந்த வளைவில் ஒன்றும் ஆகாது. மூலையில், பேனல்களுக்கு இடையே அடைத்த சீலண்ட் (ரப்பர் போன்ற அடைப்புப் பசை) கொஞ்சம் கிழியலாம். நடு மாடித் தளத்தில் யாராவது அதை அசையாமல் வெல்டு வைத்திருந்தால் கதை வேறு. அந்த 7.5 மி.மீ. வளைவைத் தடுத்து நிறுத்த, ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 14 கிலோநியூட்டன் விசை வேண்டும், கான்கிரீட்டில் 5.6 மெகாபாஸ்கல் இழுவிசை பிறக்கும். 35 மெகாபாஸ்கல் அமுக்க வலிமையுள்ள கான்கிரீட் வளைவில் தாங்குவது சுமார் 3.7. வெடிக்கத்தான் செய்யும்.

எந்தப் பக்கம் வெடிக்கும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். முகப்பு சூடாகி வெளியே வளையப் பார்க்கும்போது நடுப்பிடி உள்ளே இழுக்கிறது. இழுவிசை உள்முகத்தில், விரிசலும் உள்முகத்தில். முகப்பு குளிர்ந்து சுருங்கும்போது பேனல் உள்ளே வளையப் பார்க்கும், பிடி வெளியே தள்ளும். அப்போது செங்கல் முகம் கிழியும். ஆகவே மாடித் தள மட்டத்தில் முகப்பில் தெரிகிற கிடைக்கோடு விடியற்காலையில் அகலமாகவும் பிற்பகலில் இறுகியும் இருந்தால், நடுப்பிடிதான் காரணம் என்பதற்கு வலுவான சாட்சி. ஒரு நாளில் இரண்டு முறை அளந்தாலே தெரிந்துவிடும். உள்பக்கப் பலகையைக் கழற்றி முதுகையும் பார்க்காமல் இந்த ஆய்வு முடியாது.

பேனலைக் கட்டடத்தில் மாட்டுவதில் ஓர் அடிப்படை விதி உண்டு. எடையைத் தாங்கும் இடங்கள் இரண்டுதான், இரண்டும் ஒரே மட்டத்தில். காற்றுக்காகப் பிடிப்பவை தனி. அவை முன்னும் பின்னும் மட்டும் பிடித்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நழுவ விட வேண்டும். தாங்கும் இடம் மூன்றானால், எது எவ்வளவு சுமக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு தாங்கு முனைகளையும் இறுக வெல்டு வைத்தால், பேனல் சுருங்கும்போது இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு விரிசல் வரும், அல்லது இணைப்புக்காகக் கான்கிரீட்டில் தகடு பதித்த இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போலக் குறுகிய கோடுகள் வரும். முகப்பில் விளிம்பிலிருந்து சில நூறு மி.மீ. உள்ளே அப்படிச் சிறு கோடுகள் கூடி நின்றால், வரைபடத்தை எடுத்துப் பதித்த தகட்டின் இடத்தோடு ஒப்பிடுங்கள்.

இணைப்பைப் பார்க்கப் பேனலைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு பேனல்களுக்கு நடுவே நிற்கும் இடைவெளியில் சீலண்ட்டைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடங்களில் 150 மி.மீ. நீளத்துக்கு வெட்டி எடுத்து, உள்நோக்கிக் கேமராவை நுழையுங்கள். தேட வேண்டியவை: நீள்துளையில் (அசைவுக்கு இடம் விட்டு நீளமாக வெட்டிய துளை) போல்ட் நடுவில் நிற்கிறதா, ஒரு முனையில் போய் முட்டிவிட்டதா? முட்டியிருந்தால் அசைவுக்கு ஒதுக்கியது தீர்ந்துவிட்டது. நட்டை மட்டுமீறி இறுக்கியிருக்கிறார்களா? நீள்துளைக்கு மேல் உள்ள வாஷரைச் சுற்றி, வரைபடத்தில் இல்லாத வெல்டு இருக்கிறதா? தளத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வெல்டருக்கு அது கூடுதல் பாதுகாப்பாகத் தோன்றுகிறது, பேனலுக்கு அது விலங்கு. துரு நீள்துளையை அடைத்துப் பூட்டியிருக்கிறதா?

மேல் பேனலுக்கும் கீழ்ப் பேனலுக்கும் நடுவிலுள்ள கிடை இடைவெளியில் ஷிம் தகடுகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்பதையும் மறக்காமல் பாருங்கள். பேனலை மட்டம் பார்த்து நிறுத்த வைக்கும் ஷிம்மை, இணைப்பு முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் சீலண்ட் அடித்துவிட்டால் மேல் பேனலின் எடை கீழ்ப் பேனலின் மூலையில் இறங்கும். அறிகுறி தெளிவானது: கிடை இடைவெளியை ஒட்டி, மூலையிலோ விளிம்பிலோ கைப்பிடி அளவு செங்கல் பெயர்ந்திருக்கும், அல்லது அங்கிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். மெல்லிய எஃகுப் பட்டையை இடைவெளிக்குள் விட்டு நகர்த்தினால் ஷிம் இருக்கும் இடத்தில் முட்டும். கடினமான கலவையை யாரோ பின்னாளில் இடைவெளியில் அடைத்திருந்தாலும் இதே விளைவு. இடைவெளியின் அகலத்தை மேல், நடு, கீழ் அளந்து எழுதுங்கள், 20 மி.மீ. என்று வரைந்தது ஒரு முனையில் 8, மறுமுனையில் 25 என்றால் பேனல் சுழன்றிருக்கிறது.

வெப்பக்காப்பு நடுவில் உள்ள இரட்டைப் பலகையில் இன்னொரு சிக்கல். வெளிப்பலகை மட்டும் சூடாகி விரியும்; உள்பலகை அறையின் வெப்பத்தில் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் இடையே நெகிழ்வான இணைப்பிகள் இருந்தால் வெளிப்பலகை நழுவிக்கொள்ளும். ஓரங்களிலோ ஜன்னலைச் சுற்றியோ காப்பை நிறுத்திவிட்டு முழுக் கான்கிரீட்டாக வார்த்திருந்தால், அந்த விளிம்பில் வெளிப்பலகை கட்டுண்டு நிற்கும். விரிசல் சரியாக அந்த எல்லைக் கோட்டில் வரும். குளிர்ந்த காலையில் உள்பக்கத்திலிருந்தும் வெளிப்பக்கத்திலிருந்தும் வெப்பப் படம் எடுத்தால் அந்த எல்லை பளிச்சென்று தெரியும்.

துருவும் வேதிவினையும்

கம்பிக்கு இணையாக, கம்பியின் இடைவெளியிலேயே திரும்பத் திரும்ப வரும் விரிசல் துருவினால் வருவது. துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தைப் பிடிக்கும். பழுப்புக் கறை வழிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வில்லை கறையை மறைத்துவிடும். முதல் அறிகுறி பெரும்பாலும் கம்பிக்கு மேலே வரிசையாக வெற்றுச் சத்தம். கம்பியின் மேல் மூடுகனத்தை அளக்கும்போது கருவி காட்டுவது செங்கல் முகத்திலிருந்து உள்ள தூரம். வில்லையின் தடிமனைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கான்கிரீட் மூடுகனமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். 40 மி.மீ. என்று காட்டியது உண்மையில் 20 ஆக இருக்கலாம். 

கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கணிக்கும் அரை மின்கலச் சோதனையில் காப்பர் சல்ஃபேட் மின்முனைக்கு எதிராக மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் அந்த இடத்தில் துரு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று கொள்வது வழக்கம். செங்கல் முகத்தின் மேல் வைத்து அளந்தால் எண் நம்பத்தக்கதல்ல. முதுகிலிருந்து அளங்கள், அல்லது இடைவெளிக் கான்கிரீட்டில் வைத்து அளங்கள். குளோரைடுக்குத் துளையிட்ட தூளை ஆழம் வாரியாகப் பிரித்து எடுங்கள். சிமென்ட் எடையில் 0.4 சதவீதம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் எல்லை. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு இருந்தால் கலக்கும்போதே சேர்த்திருக்கிறார்கள். வெளியே அதிகம் உள்ளே குறைவு என்றால் வெளியிலிருந்து வந்தது. பழைய பேனல்களில் சீக்கிரம் இறுக வைக்கக் கால்சியம் குளோரைடு கலந்தது உண்டு.

வலை போலப் பின்னிய விரிசல் முதுகில் தெரிந்தால் அல்கலி சிலிக்கா வினையையோ (சிமென்ட்டின் காரமும் ஜல்லியின் சிலிக்காவும் வினைபுரிந்து ஊதுவது), வார்த்த முதல் நாட்களில் கான்கிரீட் 70 டிகிரிக்கு மேல் சூடானதால் பின்னாளில் எட்ரிங்கைட் என்ற சல்ஃபேட் படிகம் வளர்வதையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் கண்ணால் உறுதி செய்ய முடியாது. உருளைத் துண்டை நுண்ணோக்கி ஆய்வுக்கு அனுப்புங்கள். உறைபனி உள்ள இடங்களில் செங்கல் முகம் செதில் செதிலாக உதிர்வது வேறு. அது தண்ணீர் வரும் வழியைத் தேடச் சொல்கிறது, முதலில் கைப்பிடிச்சுவரின் மூடியையும் ஜன்னல் அடியையும்.

அடைப்பதற்கு முன்

விரிசலின் இரு பக்கமும் அளவுப் புள்ளி ஒட்டி, அகலத்தையும் பேனல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். வெப்பநிலை இல்லாத அகலப் பதிவு பயனற்றது. முதலில் ஒரு முழு நாள், விடியலும் பிற்பகலும். பிறகு மாதம் ஒரு முறை, ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் கடக்கும்வரை. வெப்பத்தோடு ஏறி இறங்கி அதே இடத்துக்குத் திரும்பினால் அது சுவாசிக்கும் விரிசல். வெப்பநிலை திரும்பியும் அகலம் திரும்பாமல் மாதாமாதம் கூடினால் துரு, ஷிம், தொய்வு, வேதிவினை ஆகியவற்றில் ஒன்று இன்னும் வேலை செய்கிறது.

சுவாசிக்கும் விரிசலில் எபாக்ஸி செலுத்தினால் அந்த இடம் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் புது விரிசல் பிறக்கும். முதலில் அசைவுக்கு வழி விடுங்கள்: கூடுதல் வெல்டை அறுத்து எடுங்கள், நீள்துளையைச் சுத்தம் செய்யுங்கள், ஷிம்மை உருவுங்கள். எடை இறங்கும் இணைப்பைத் தொடும்முன் பேனலுக்குத் தற்காலிகத் தாங்கல் கட்டாயம்; எதை அறுக்கலாம் எதை அறுக்கக் கூடாது என்பது கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய முடிவு. அதன் பிறகு விரிசல் ஓய்ந்துவிட்டது என்று அளவு சொன்னால், நீர் போல ஓடும் எபாக்ஸி. ஓயாத, ஆனால் ஆபத்தில்லாத மயிரிழைக்குச் சிலேன் வகை நீர்விலக்கி போதும். செங்கல் முகத்தின் மேல் சிலிக்கான் சீலண்ட்டைப் பட்டையாக இழுப்பது மட்டும் வேண்டாம். தண்ணீர் வேறு வழியில் உள்ளே வந்து பின்னால் தேங்கும், அடுத்து வருகிறவர் அந்த விரிசலைப் படிக்கவும் முடியாது, பசையை எடுத்தாலும் கறை செங்கல்லை விட்டுப் போகாது.

பிரிந்த வில்லையைத் திரும்ப ஒட்ட முயலாதீர்கள். சுற்றிலும் சிறு கிரைண்டரால் இடைவெளியில் வெட்டி, வில்லையைப் பெயர்த்து, பின்னால் உள்ள கான்கிரீட்டைச் சொரசொரப்பாக்கி, பாலிமர் கலந்த கலவையில் புது வில்லையை முழுப் பின்புறமும் படியும்படி அழுத்தி வையுங்கள். புள்ளி புள்ளியாகக் கலவை வைத்தால் நடுவில் வெற்றிடம் நின்று, அடுத்த ஆய்வில் அதே வில்லை மறுபடி வெற்றுச் சத்தம் கொடுக்கும். வெட்டும்போது கிரைண்டரின் ஆழத்தை வில்லையின் தடிமனோடு நிறுத்தத் தடை வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளிக்கு நேர் பின்னால் கம்பி இருக்கும் இடங்களில் 5 மி.மீ. கூடுதலாக இறங்கினாலே மூடுகனத்தில் பெரும் பங்கு போய்விடும்.